பாதை போட்டவள் பதுமையாவதா?

மாலை போடுகிறார்கள்! ஆண்டுக்கொரு நாள் ஏணி சாத்தி ஏறி, கழுத்திலே மாலை சூட்டி, காலடியிலே மலர் தூவி, கைகூப்பி நிற்கிறார்கள். "மாதர்குல மாணிக்கம்" என்கிறார் ஒருவர். "பெண்ணினத்தின் பெருவிளக்கு" என்கிறார் அடுத்தவர். கைத்தட்டல், புகைப்படம், நன்றியுரை, கூட்டம் கலைகிறது. மறுநாள் மாலை சருகாகிறது. சிலையின் தோளிலே காக்கை வந்து அமர்கிறது. முதல் நாள் முழங்கியவரோ தம் வீட்டிலே, வெளியூர்க் கல்லூரிக்குப் போகட்டுமா என்று கேட்கும் மகளைப் பார்த்து, "பெண் பிள்ளைக்கு இதுவரை படித்தது போதாதா?" என்கிறார்.

சிலைக்குச் செவியில்லை; ஆகவே அது பொறுத்துக் கொள்கிறது. நமக்குச் செவியும் உண்டு, சிந்தையும் உண்டு. நாம் பொறுத்துக் கொள்ளலாமா? முன்னோடிப் பெண்டிருக்கு வெண்கலத்தில் உருவம் வார்த்து, பல்கலைக் கழக வளாகத்திலும் பட்டணத்துச் சாலையிலும் நிறுத்திவிட்டால், அவர்கட்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? இது கலையைப் பற்றிய கேள்வியன்று. நேர்மையைப் பற்றிய கேள்வி.

முன்னோடி! கேட்கும்போது இனிக்கின்ற சொல். ஆனால் அந்தச் சொல்லைச் சற்றே திருப்பிப் பாருங்கள். "முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்த பெண்" என்று பீடத்திலே பொறிக்கிறோம். அவளுக்கு முன்னால் ஏன் ஒருத்தியும் நுழையவில்லை? மூளை இல்லையா? முயற்சி இல்லையா? ஆசைதான் இல்லையா? எல்லாம் இருந்தன. கதவுதான் தாளிடப்பட்டிருந்தது. தாளிட்டது விதியன்று, வானத்துத் தேவருமல்லர். நம்மைப் போன்ற மனிதர்கள், சாத்திரத்தின் பேராலும் சம்பிரதாயத்தின் பேராலும், குலப் பெருமையின் பேராலும் தாளிட்டார்கள். எனவே முன்னோடி என்ற பட்டம் அவளுக்குப் புகழ்மாலை. சமுதாயத்துக்கோ அது குற்றப் பத்திரிகை! சிலையின் பீடத்தைப் படிப்பவன் இந்த இரண்டாவது எழுத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த முத்துலட்சுமியை எண்ணிப் பாருங்கள். தந்தை நாராயணசாமி, கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், ஊரார் ஒதுக்கி வைத்த தேவதாசி மரபைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இந்தப் பெண் சேர விரும்பியபோது எழுந்த எதிர்ப்பு கொஞ்சமா? ஆடவர் நடுவே ஒரு பெண்ணா, அதுவும் இன்ன குலத்துப் பெண்ணா என்று குமுறினார்கள். கல்லூரியின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று கவலைப்பட்டார்கள்! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைந்த பிறகுதான் இடம் கிடைத்தது. ஒரு பெண் பாடம் கேட்க ஓர் அரசனின் ஆணை வேண்டியிருந்தது. அந்த நாட்களின் இலட்சணம் அது.

அந்தப் பெண் 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912ல் மருத்துவரானார், 1927ல் சென்னை சட்டமன்றத்தில் அமர்ந்து, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தெய்வத்தின் பேரால் சிறுமியருக்குப் பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்க 1930ல் மசோதா கொணர்ந்தார். அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது 1947ல்! பதினேழு ஆண்டுகள்! அந்தப் பதினேழு ஆண்டுகளிலே எத்தனை சிறுமியர் கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும்? கலை அழியும், கோயில் மரபு கெடும் என்று வாதாடியவர்கள் படிக்காதவர்களா? இல்லை, பட்டம் பெற்றவர்கள், பல மொழி கற்றவர்கள், விடுதலை முழக்கம் செய்தவர்கள் கூட அந்த வரிசையில் நின்றார்கள். ஆகவே கல்வி ஒன்றே கண்ணைத் திறந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கற்றவன் கையிலும் தாழ்ப்பாள் இருந்தது என்பதைத்தான் முத்துலட்சுமியின் வாழ்வு நமக்குச் சொல்கிறது.

இது கீழை நாட்டு மூடத்தனம், மேலை நாட்டார் மேதைகள் என்று யாரேனும் சொல்ல வந்தால், அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண்களுக்கும் பட்டம் தரலாமா என்று அந்தப் பல்கலைக் கழகம் 1897ல் வாக்கெடுத்தது. அன்று மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மிதிவண்டியில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவப் பொம்மையைச் செய்து தெருவின் மேலே தொங்கவிட்டார்கள். பெண்களுக்குப் பட்டம் இல்லை என்று முடிவானதும், அந்தப் பொம்மையை இழுத்துப் போட்டுச் சிதைத்துக் கொண்டாடினார்கள். அறிவின் கோயில் என்று உலகம் போற்றிய ஊரிலே, படிக்க வந்த பெண்ணுக்கு அன்று எழுப்பப்பட்ட உருவம் வெண்கலச் சிலையன்று; கிழித்தெறியக் கட்டிய கந்தல் பொம்மை! முழுப் பட்டம் பெறும் உரிமை அங்கே பெண்களுக்குக் கிடைத்தது 1948ல்தான்.

புனே நகரிலே சாவித்திரிபாய் பூலே 1848ல் தம் கணவர் சோதிராவுடன் சேர்ந்து பெண்களுக்குப் பள்ளி திறந்தார். வகுப்புக்கு நடந்து செல்லும் வழியிலே அவர் மீது சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள் என்பதும், மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றார் என்பதும் இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. 1897ல் பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்நோய்க்கே பலியானார். அதே நகரில் 1949ல் பல்கலைக் கழகம் தோன்றியது. அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 2014ல். வளாகத்திலே அவர் முழு உருவச் சிலை எழுந்தது 2022ல். பள்ளி திறந்த நாளுக்கும் சிலை திறந்த நாளுக்கும் இடையே 174 ஆண்டுகள்! சாணம் எறிய ஒரு நொடி போதும். மாலை எடுத்துவர நமக்கு ஒன்றேமுக்கால் நூற்றாண்டு ஆகிறது.

ஏன் இந்தத் தாமதம்? உயிரோடிருக்கும் முன்னோடி தொல்லை தருபவள். அவள் கேள்வி கேட்பாள், வழக்கை உடைப்பாள், வீட்டுக்கு வீடு கலகம் விளைப்பாள். மறைந்த முன்னோடியோ வாய் திறக்க மாட்டாள். எந்த மேடையிலும் யாரும் அவளைச் சொந்தம் கொண்டாடலாம். அன்று சாணம் எறிந்தவன் வீட்டுப் பேரன் இன்று மாலையோடு வரலாம். வரட்டும், வேண்டாமென்று நாம் தடுக்கவில்லை. ஆனால், "அன்று எறிந்தது எங்கள் கை, இன்று எங்கள் தெருவில் நடக்கும் பெண் மீது எதையும் எறியமாட்டோம்" என்று சொல்லிவிட்டு வரட்டும்! அப்போது அது மரியாதை. சொல்லாமல் வந்தால் அது மறதிக்குப் போட்ட மாலை.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் எந்தப் பெண்ணுக்குச் சிலை வைக்கிறோம்?

1968 சனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் பத்துச் சிலைகள் எழுந்தன. வள்ளுவரும் கம்பரும், போப்பும் கால்டுவெல்லும், வீரமாமுனிவரும் வ.உ.சி.யும், பாரதியும் பாரதிதாசனும். இந்த எட்டு ஆடவரோடு பெண்கள் இருவர்: அவ்வையார், கண்ணகி. தமிழுக்குச் செய்த சிறப்பு அது. அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. 2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது தமிழகம் கொதித்ததும், 2006 சூனில் அது மீண்டும் நின்றதும் நாம் கண்டவை. அரசன் முன் நின்று நீதி கேட்ட பெண்ணின் நிமிர்ந்த கரம் நமக்கும் பிடிக்கும். ஆயினும் கண்ணகி காப்பியத் தலைவி. அவ்வையின் பாட்டு நம்மிடம் இருக்கிறது. வாழ்வோ கதைகளுக்குள் புதைந்துவிட்டது. அந்தச் சிலைகள் எழுந்த நாளில், அதே சென்னையில், 81 வயது முத்துலட்சுமி உயிரோடிருந்தார். அந்த ஆண்டு சூலையில்தான் மறைந்தார். அவர் 1930ல் தோற்றுவித்த அவ்வை இல்லத்திலே ஆதரவற்ற சிறுமியர் படித்துக் கொண்டிருந்தார்கள்; அவர் முயற்சியால் 1954ல் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலே நோயாளிகள் உயிர் பெற்றுக் கொண்டிருந்தார்கள்.

அதே கடற்கரையில் 1959ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையையும் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வார்த்த அரிய படைப்பு. பாறையைப் புரட்டும் நான்கு உருவங்கள், நரம்பு புடைத்த தோள்கள். நால்வரும் ஆடவர்! நாற்று நட்டவள் எங்கே? கல் சுமந்தவள் எங்கே? நூல் நூற்றவள் எங்கே? கற்புக்குச் சிலை வேண்டுமென்றால் பெண்ணை அழைக்கிறோம். உழைப்புக்குச் சிலை என்றால் ஆணை மட்டும் அழைக்கிறோம். சிற்பி மீது வழக்கில்லை. நம் கண் மீதுதான் வழக்கு.

இந்தக் கண் நோய் நமக்கு மட்டும் வந்ததன்று. நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பூங்காவிலே நெடுங்காலம் பெண் உருவங்கள் இருந்தன. யார் அவர்கள்? கதையில் வரும் ஆலிஸ், நாடகத்தில் வரும் ஜூலியட், பாட்டிலே வரும் வாத்துப் பாட்டி! உயிரோடு வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு அங்கே சிலை எழுந்தது 2020 ஆகஸ்டில். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் ஆண்டனியும் எலிசபெத் ஸ்டாண்டனும் வெண்கலத்தில் அமர்ந்தார்கள். அடிமையாய்ப் பிறந்து, அடிமைத்தனத்தை எதிர்த்து முழங்கிய கறுப்பினப் பெண் சொஜர்னர் ட்ரூத்துக்கு முதல் திட்டத்தில் இடமில்லை! கண்டனம் எழுந்த பிறகே மூன்றாவதாக அவரும் சேர்க்கப்பட்டார். மறக்கப்பட்டவர்களை நினைவூட்ட எழுந்த சிலையே ஒருத்தியை மறக்கப் பார்த்தது!

அதே ஆண்டு சூனில், ஓரிகன் பல்கலைக் கழக வளாகத்தில் 1932 முதல் அமர்ந்திருந்த "முன்னோடித் தாய்" என்ற வெண்கலச் சிலையைப் போராட்டக்காரர்கள் கீழே தள்ளினார்கள். ஏன்? அவள் பெயருள்ள ஒரு பெண்ணல்லள். மேற்கே குடியேறிய வெள்ளையர் தம் குலத்தைப் போற்ற வார்த்த பொதுத்தாய். அவர்கள் "முதலில் வந்தோம்" என்று சொன்ன மண்ணிலே பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்திருந்தார்கள். வந்தவருக்கு அவள் முன்னோடி. இருந்தவருக்கோ அவள் ஆக்கிரமிப்பின் அடையாளம். சிலையைத் தள்ளியது சரியா தவறா என்று வாதிடுவோர் வாதிடட்டும். நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: பெயரில்லாத தாய்மைக்குச் சிலை வைப்பது எளிது. "தாய்க்குலமே" என்று விளித்துவிட்டுத் தாயின் பெயரைக் கேட்காமலே போய்விடலாம். பெயரோடும் செயலோடும் ஒரு பெண்ணை நிறுத்தினால்தான், அவள் எதை எதிர்த்தாள் என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம் வருகிறது.

"கல்லைக் கும்பிடாதே என்று சொல்லும் பகுத்தறிவாளர் நீங்கள், உங்களுக்கெதற்குச் சிலை?" என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்வி, நேராகவே விடை சொல்வோம். கும்பிடச் சொல்லும் உருவம் வேறு, சிந்திக்கச் சொல்லும் உருவம் வேறு. முன்னது "கேள்வி கேளாதே, விழு" என்கிறது. பின்னது "விழாதே, நில், நான் செய்ததைப் படி, மிச்சத்தை நீ செய்" என்கிறது. வெண்கலம் ஒன்றேதான், நாம் அதன் முன் நிற்கும் நிலைதான் வேறு. முன்னோடிப் பெண்ணின் சிலைக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, "அம்மா, எங்களால் இயலாது, நீ தெய்வப் பிறவி" என்று சொன்னால், அவளை மீண்டும் சிறை வைத்தவர்களாவோம். அவள் தெய்வப் பிறவியன்று. அவளுக்கும் பசித்தது, வலித்தது, அச்சம் இருந்தது. அத்தனையும் இருந்தும் நடந்தாள். அதனால்தான் நம்மாலும் நடக்க இயலும்!

"சிலைக்குச் செலவிடும் பணத்தில் பள்ளி கட்டலாமே?" என்பது அடுத்த கேள்வி. கட்டலாம், கட்டத்தான் வேண்டும். சிலையா பள்ளியா என்று ஒன்றை மற்றொன்றுக்குப் பகையாக்க வேண்டியதில்லை. நினைவையே நடமாடும் செயலாக்க முடியும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எந்தப் பல்கலைக் கழகத்திலும் பயின்றவரல்லர். பொட்டுக் கட்டும் குலத்திலே வளர்ந்து, அந்தக் கொடுமையை உள்ளிருந்தே கண்டு, அதை ஒழிக்க ஊர் ஊராக நடந்தவர். 1936ல் அவர் எழுதி வெளியிட்ட நாவல், பக்தி என்ற திரைக்குப் பின்னால் நடந்த வாணிபத்தை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தது. 1938ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையிலும் நடந்தார். 1962ல் மறைந்தார். 1989ல் அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. உதவி பெறப் பெண் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2022ல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். திருமணப் பந்தலில் கிடைத்த உதவி, கல்லூரி வாயிலுக்கு இடம் மாறிவிட்டது! கல்லூரிக்குள் நுழையாத ஓர் அம்மையாரின் பெயர், இலட்சக்கணக்கான பெண்களைக் கல்லூரிக்குள் அழைத்துச் செல்கிறது. இதைவிட நல்ல வெண்கலத்தை எந்த உலையில் உருக்குவது?

இனி நம் ஊருக்கு வருவோம். அமராவதி பாயும் மடத்துக்குளம் வட்டத்திலே கணியூர். நெல்லும் கரும்பும் கண்ட மண். 2009ல் உருவான திருப்பூர் மாவட்டத்தின் ஓர் ஓரம். வயலை நம்பி மட்டும் வாழ முடியாத இந்த வட்டாரத்துப் பெண்கள், விடியுமுன் வண்டி ஏறி, நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். ஓவர்லாக்கில் தைப்பவள், செக்கிங்கில் பிசிறு வெட்டுபவள், பேக்கிங்கில் மடித்து அடுக்குபவள். உலகச் சந்தையில் திருப்பூருக்குப் பெயர் வாங்கித் தந்த கைகளிலே பெரும்பகுதி அவர்கள் கைகள். வீட்டுப்படி தாண்டி முதன்முதல் வேலைக்குப் போன பெண்ணை, "குடும்பப் பெண்ணா இவள்?" என்று தெரு கேட்டது. அவளும் முன்னோடிதான். அவளுக்குச் சிலையில்லை, பல ஊர்களில் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

அவள் மகளுக்கு என்ன கிடைத்தது? இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் "சுமங்கலித் திட்டம்" என்ற ஒன்று நடந்தது. வளரிளம் பெண்கள் மூன்றாண்டுகள் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவிலே மொத்தமாகப் பணம், திருமணச் செலவுக்கு! வெளியே போகக் கட்டுப்பாடு, வீட்டாரைக் காணக் கட்டுப்பாடு. இடையிலே உடல் நலிந்து வெளியேறினால் மொத்தப் பணத்துக்கு உறுதியில்லை. வரதட்சணை குற்றம் என்று 1961ல் சட்டம் சொன்னது. அந்த வரதட்சணையைச் சேர்க்கவே இந்தச் சிறுமியர் மதிலுக்குள் அடைபட்டார்கள். பெயரோ சுமங்கலி! எவ்வளவு மங்கலமான பெயர்! பெண்ணைப் பூட்டும்போதெல்லாம் பூட்டுக்கு ஓர் அழகிய பெயர் சூட்டுவது நம் சமுதாயத்தின் பழைய கைத்தொழில். அன்று தேவரடியாள் என்றார்கள். இன்று சுமங்கலி என்றார்கள்.

இரண்டு திட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே. ஒன்று, பொட்டை அறுக்கப் போராடிய அம்மையாரின் பெயரால் பெண்ணைப் படிக்க அனுப்புகிறது. மற்றொன்று, தாலியின் பெயரால் பெண்ணைப் படிப்பிலிருந்து பிடுங்கியது. முன்னோடியைப் போற்றுவது எது, முன்னோடியைத் தோற்கடிப்பது எது என்று அறிய இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமா?

கல்லூரிக்குப் போன பெண்ணுக்கும் ஆபத்து நீங்கவில்லை. 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுச்சாலையில், குமரலிங்கத்தைச் சேர்ந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மறுத்து அவரை மணந்த பெண்ணும் படுகாயமுற்றார். கணியூருக்கும் குமரலிங்கத்துக்கும் எவ்வளவு தொலைவு? கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்! படிக்க அனுப்பினோம் என்று பெருமை பேசும் சமுதாயம், படித்த பெண் தானே தன் துணையைத் தேர்ந்ததும் அரிவாளை எடுத்தது. காயத்தோடு எழுந்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன அந்தப் பெண், எதிரே நின்ற சொந்தச் சுற்றத்தைக் கண்டும் அஞ்சவில்லை. கல்லூரிக் கதவைத் திறப்பது பாதி வேலை. வீட்டுக்குள்ளிருக்கும் சாதிக் கதவைத் திறப்பது மீதி வேலை.

ஆகவே, சிலை வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்போம். ஆனால் பீடத்திலே அவள் பெயரும் செயலும் மட்டும் போதாது. அவளை யார், எதன் பேரால் தடுத்தார்கள் என்பதும் பொறிக்கப்பட வேண்டும். வெட்கம் வேண்டாம்! நோயின் பெயரைச் சொல்லாமல் மருத்துவரைப் புகழ்வது எப்படி? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழகத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பரம்பரைச் சொத்திலே பங்கு தரும் சட்டம் வந்தது 1989ல். இடையிலிருந்த அறுபது ஆண்டுகளில் மறுத்தவர் யார், மழுப்பியவர் யார் என்று எழுதாவிட்டால், அந்த உரிமை வானத்திலிருந்து மழையாகப் பெய்தது என்றுதான் அடுத்த தலைமுறை நம்பும். சட்டம் வந்த பின்னும், "தங்கச்சி கையெழுத்துப் போட்டுவிடும்மா" என்று விடுதலைப் பத்திரம் நீட்டும் அண்ணன்மார் எத்தனை பேர்! அவர்களும் சிலைக்கு மாலை போடும் வரிசையிலே நிற்கத்தான் செய்கிறார்கள்.

கணியூர் இளைஞர்கள் வெண்கலத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் தெருவில் முதன்முதல் பள்ளி இறுதி தேறிய பெண் யார், கல்லூரி சென்ற பெண் யார், தையல் பொறியில் அமர்ந்து குடும்பத்தைக் காத்த பெண் யார், கைம்மை நோன்பை மறுத்து மறுமணம் செய்த பெண் யார் என்று கேட்டு எழுதுங்கள். யார் தடுத்தார், எப்படி மீறினாள் என்றும் எழுதுங்கள். பாட்டிமார் இருக்கும்போதே எழுதுங்கள். அவர்களோடு அந்த ஏடும் எரிந்துவிடும். எழுதியதைப் படிப்பகத்தில் வையுங்கள். பிறகு அந்த வரிசையில் அடுத்து நிற்கும் பெண் யாரென்று பாருங்கள். அவள் உங்கள் தங்கையாக இருக்கலாம். அவள் முன்னே நிற்கும் கதவு எது? அதன் தாழ்ப்பாளில் இருப்பது யார் கை?

ஒரு முன்னோடியின் வெற்றி, அவளைப் போல் இன்னொருத்தி போராட வேண்டியிராத நாளில்தான் முழுமை பெறுகிறது. கல்லூரிக்குப் போவது வீரமாக இல்லாமல் வழக்கமாக வேண்டும். விரும்பியவனை மணப்பது துணிச்சலாக இல்லாமல் இயல்பாக வேண்டும். கூலியைக் கையில் வாங்கிக் கணக்குக் கேட்பது செய்தியாக இல்லாமல் நடைமுறையாக வேண்டும். அந்த நாள் வரும்வரை, வளாகத்து வெண்கலப் பெண் நம்மிடம் கடன் கேட்டுக் கொண்டேதான் நிற்பாள்.

அவள் கேட்பது மாலையன்று. திறந்த கதவு! அதைத் தராத கையால் மாலை தொடாதீர்!